பேச்சியம்மாள் வீட்டுக் குழி

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்கள் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர்களும் இப்போது பார்க்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலும் குட் மார்னிங் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், யாராவது தவறிப்போனால் கும்பிடுகிற கைகள். போன மாதம் ஒரு புதுப் பொறியாளர் தம்பி அதில் நீளமாக எழுதியிருந்தார். இனி வீட்டுக்கு வீடு மீட்டர் வரப்போகிறதாம், மக்களிடம் அன்பாகப் பேசித்தான் வேலை வாங்க வேண்டுமாம். "அந்தக் காலத்தில் சில மேடம்கள் செய்தது போல ரவுடித்தனமாகக் கனெக்‌ஷனை வெட்டுகிற பழக்கம் நமக்கு வேண்டாம்" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

சில மேடம்களாம்! அந்தக் காலத்தில் எங்கள் பிரிவில் இருந்ததே ஒரு மேடம்தான். அது நான்தான். மரியாதைக்காகப் பன்மை போட்டிருப்பார் போலிருக்கிறது.

அந்தத் தம்பி என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன். ஆமாம், வெட்டினேன். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது பட்டப்பகலில் வெட்டினேன். யாருடைய கனெக்‌ஷனை, எதற்காக வெட்டினேன் என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு ரவுடி என்று சொல்லட்டும். கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஊர் எரியோட்டுப் பக்கம். அப்பா தக்காளியும் வெங்காயமும் போட்டவர். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு மம்பட்டி வேலை எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் டிப்ளமா வாங்கி, பரீட்சை எழுதி, குடிநீர்ப் பிரிவில் பணி ஆய்வாளராக வந்துவிட்டேன். முதல் சில வருடங்கள் டேங்கில் ஏறி இறங்கியதிலும், வால்வுக் குழியில் வழுக்கி விழுந்ததிலும், உடைந்த குழாயைத் தேடி வெயிலில் அலைந்ததிலும் போயின. அதையெல்லாம் விரித்து எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் கல்யாணம். மாப்பிள்ளை முருகேசனுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. வீடு பேகம்பூரை ஒட்டிய மேட்டுத் தெருவில். தெரு முனையிலிருந்து கடைசி வீடு வரை சீரான ஏற்றம். கல்யாணமான மறுநாள் காலையில் மாமியார் பேச்சியம்மாள் என் கையில் ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, வாசலில் கிடந்த பலகைக்கல்லை நகர்த்தச் சொன்னார். கல்லுக்குக் கீழே சிமெண்ட் பூசிய குழி, என் இடுப்புக்கும் மேல் ஆழம். அதன் அடியில்தான் குழாய்.

"எறங்கு. மொதக் குடத்தை வாசத் தெளிக்க மேல குடு. அடுத்ததுலேர்ந்து குடிக்கப் புடி" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். தெருப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுத் தெருவுக்குப் புது மருமகள் வந்தால் அதுதான் பரீட்சை. குழிக்குள் இறங்கி, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் மேலே ஏற வேண்டும். நகை, சீர், சமையல் எல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சு. நான் சிந்தாமல் ஏறினேன். ஏறி நின்று மூச்சு வாங்கியபடியே, "குழாய எதுக்கு அத்தே குழிக்குள்ள வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"பள்ளத்துலதானடி தண்ணி வரும்? எஞ்சினியருக்குப் படிச்சவன்னு சொன்னாக!" என்றார் அத்தை. தெருவே சிரித்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆத்தூர் அணைத் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம், கோடையில் அதுவும் இழுக்கும். குழாயில் விசை இருக்காது. அதனால் தாழ்வான வீட்டுக்குத்தான் தண்ணீர் முதலில் போகும். கீழ்வீட்டுக்காரர் வாசலில் ஒரு குழி தோண்டிக் குழாயை இறக்குவார். மேல்வீட்டில் தண்ணீர் குறையும். மேல்வீட்டுக்காரர் இன்னும் ஆழமாகத் தோண்டுவார். கீழ்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மறுபடி மம்பட்டியை எடுப்பார். இப்படியே போட்டி போட்டுத் தோண்டி, கடைசி வீட்டு ஜமீலாக்காவின் குழிக்கு ஏணி போட்டு இறங்க வேண்டிய நிலைமை. அப்படியும் அவருக்குத்தான் தெருவிலேயே குறைவான தண்ணீர்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. குழியில் சிந்துகிற தண்ணீர் வெளியேற, சாக்கடைப் பக்கம் எல்லாரும் ஒரு துளை விட்டிருப்பார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் அதே துளை வழியாக அந்த அசிங்கம் குழிக்குள் வரும். தண்ணீர் விடாத நாட்களில் குழாய் அதில் முழுகிக் கிடக்கும். தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தினதும் மெயின் குழாய் காலியாகி உள்பக்கமாக இழுக்கும். எந்த வீட்டில் குழாய் சரியாக மூடவில்லையோ அந்த வீட்டுக் குழியில் கிடப்பது உள்ளே போய்விடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான். முதல் குடத்தை வாசலில் தெளிக்கிற வழக்கம் எப்படி வந்தது என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. நாற்றம் அடிக்கும், அதனால் வந்தது. நாற்றம் போனால் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை ஆபீஸில் சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன். எங்கள் பொறியாளர் ஐயா ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கடைசி வேலையாளைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். புகார் கொண்டு வருகிறவர்களை உட்கார வைப்பார். டீ சொல்வார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்பார், நடுவில் ஒரு வார்த்தை குறுக்கிட மாட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்பார். வந்தவர் மனசு குளிர்ந்து எழுந்து போவார். போன பிறகு ஒன்றும் நடக்காது. எந்த உத்தரவையும் எழுத்தில் கொடுக்க மாட்டார். வேண்டும், வேண்டாம் இரண்டுமே அவர் வாயில் வராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற மனிதர், ஊர்த் தண்ணீரைக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்க்கைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

குழிகளைப் பற்றி நான் சொல்லும்போதெல்லாம் அதே கண்ணாடி, அதே வேட்டி நுனி, அதே "பாக்கலாமுங்கம்மா." எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒருமுறை ஒரு வீட்டில் மெயினிலிருந்து மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று தெரிந்து போனேன். வீடு முழுக்கத் தேடியும் மோட்டார் இல்லை. பூஜை அறையில் சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து மட்டும் உர்ரென்று ஒரு சத்தம். வீட்டுக்காரர், "அதுக்குள்ள போகக் கூடாது, தீட்டு" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன், கை கால் கழுவினேன், சாமியைக் கும்பிட்டேன், படத்தை நகர்த்தி மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் நேராகப் பொறியாளர் ஐயாவிடம் போய் அழுதார். ஐயா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சாமி கும்பிட்டீங்களாமே?" என்று மட்டும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இந்த மனிதருக்குள் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

இனி ஜமீலாக்கா. கணவர் இல்லாதவர், கடைகளுக்குச் சமோசா போட்டுக் கொடுத்து ஒரே மகள் நசீமாவைக் கட்டிக் கொடுத்தார். நசீமா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்த சில வாரங்களில் கண் மஞ்சளாகிவிட்டது. கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை ஜமீலாக்கா என்னிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. நசீமா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண்குழந்தை. அந்தத் தெருவில் அந்த மாதம் காமாலையில் படுத்தது அவள் ஒருத்தி மட்டும் இல்லை. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், அதனால் தெரு மறந்துவிட்டது.

நசீமா மறுபடி உண்டானபோது ஜமீலாக்கா ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செல்வி, சம்பந்தி வீட்டுல கறாராச் சொல்லிப்புட்டாக. அந்தத் தெருத் தண்ணியக் குடிக்க இனி புள்ளைய அனுப்ப மாட்டோம்னு. அவுக சொல்றதும் நாயந்தான. ஆனா அவ போன்ல அழுகுறாம்மா. அம்மாகிட்ட வரணும்னு அழுகுறா. பெத்த புள்ளைய என் வீட்டுக்குக் கூப்புட எனக்கு வாய் வரல. நீ தண்ணி ஆபீஸ்ல இருக்கவதான? ஏதாச்சும் செய்யேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. தெருவிலிருந்த ஒவ்வொரு குழி மேலும் ஆத்திரம், என் வீட்டுக் குழியும் சேர்த்துத்தான்.

மறுநாள் பொறியாளர் ஐயா மேஜை முன்னால் உட்கார மறுத்து நின்றேன். டீயும் வேண்டாம் என்றேன். "மேட்டுத் தெருவுல அம்புட்டுக் குழியையும் ஒரே நாள்ல மூடணும் ஐயா. ஒரு குழி மிச்சமிருந்தாலும் மேல தண்ணி ஏறாது. நீங்க பாக்கலாமுன்னு சொன்னா நான் இங்கயே நிப்பேன்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "எழுத்துல தர மாட்டனுங்கம்மா. வார்டு உறுப்பினருக்கு நாந்தான் பதில் சொல்லோணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆனா அன்னைக்கு உங்க தெருவுக்குத் தண்ணி விடறப்ப டேங்க் முழுசா நிக்குமுங்க. வேற எந்த வால்வும் தொறக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதிலிருக்கும் மருந்தைத் தண்ணீரில் சொட்டு விட்டால் நிறம் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் வந்தால் கிருமி கொல்லும் குளோரின் கடைசிக் குழாய் வரை இருக்கிறது என்று அர்த்தம். அழுக்கு கலந்திருந்தால் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும், நிறமே வராது. "கடைசி வீட்டுல பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

தெருக்காரர்களை ஒன்றாகக் கூட்டினேன். கத்தினார்கள், பாருங்கள்! "இருக்க தண்ணியையும் கெடுக்க வந்துட்டா" என்றார்கள். "ஆபீஸர்னா ஆபீஸோட இரு" என்றார்கள். நானும் விடவில்லை.

"இங்கன பாருங்க. ஒருத்தரு தோண்டுனதுனால இன்னொருத்தரு தோண்டுனீக. எல்லாரும் மேல வந்துட்டா எல்லாருக்கும் தண்ணி வரும். ஜமீலாக்கா வீட்டுக் குழாய்ல தண்ணி விழலைன்னா, நானே கடப்பாரையோட வந்து உங்க குழியெல்லாம் தோண்டித் தாரேன். ஆனா மூடுன குழிய எவராச்சும் திருப்பித் தொறந்தா, அந்த வீட்டுக் கனெக்‌ஷன மெயின்லயே வெட்டிருவேன். யாரு என்னன்னு பாக்க மாட்டேன்."

"மொதல்ல ஒங்க வீட்டுக் குழிய மூடும்மா, அப்புறம் பேசு" என்று ஒரு குரல் வந்தது. சரியான கேள்வி. எங்கள் வீட்டுக் குழியைத்தான் முதலில் மூடினேன்.

வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். குழிக்குள் இருக்கிற குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பக்க வாய் உள்ள இணைப்பைப் போட்டு, அதிலிருந்து நேராக மேலே ஒரு துண்டுக் குழாயை ஏற்றி, தரைக்கு மேல் ஒரு குடம் வைக்கிற உயரத்தில் டேப் பூட்ட வேண்டும். பக்க வாயை மூடி போட்டு முறுக்கிவிட வேண்டும். சாக்கடைத் துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். பிறகு கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து இடித்து, மேலே சிமெண்ட் பூச்சு. எங்கள் ஃபிட்டர் அந்தோணி நாலு ஆட்களோடு சாயங்காலத்துக்குள் தெரு முழுவதையும் முடித்தார். எங்கள் வீட்டில் மட்டும் அத்தை, "பூச்சு நான் பூசிக்கிறேன், எனக்குத் தெரியும்" என்றார். அந்தோணியும் கிராவலோடு விட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

அத்தை அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அந்தக் குழி அத்தையின் கணவர், என் மாமா, தன் கையாலேயே தோண்டியது. சிமெண்ட் பூசியதும் அவரே. அடுத்த வருடம் இறந்துவிட்டார். குழிச் சுவரில் அவருடைய விரல் தடம் பதிந்து கிடந்ததை அத்தை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தொட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூடினேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன், குழி இருந்த இடத்தில் பெரிய படிக்கோலம். அத்தை மனசு ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே கோலத்தை மிதிக்காமல் தாண்டி ஆபீஸுக்குப் போனேன். தண்ணீர் விடும் நாள் வரை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் தாண்டிப் போனேன்.

தண்ணீர் விடும் நாளும் வந்தது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் புதுக் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். வால்வைத் திறந்ததும் முதல் வீட்டில் தண்ணீர் பாய்ந்தது, குழிக்குள் இறங்காமலே குடம் நிறைகிறதைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டியதும் மெலிந்தது. ஜமீலாக்கா வீட்டுக் குழாயில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. நானும் அங்கேயே நின்றேன். காற்றும் நின்றுபோனது.

"கடப்பாரை எங்கம்மா?" என்று ஒருவர் கேட்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜமீலாக்கா என் முகத்தையே பார்க்கவில்லை, வெறும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

கணக்கு தப்பாது என்று எனக்குத் தெரியும். டேங்க் முழுசு, வேறு வால்வு எதுவும் திறக்கவில்லை. அப்படியானால் நடுவில் எங்கோ போகிறது. ஆபீஸில் ஒரு கம்பி உண்டு. அதன் ஒரு முனையைக் குழாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். டேப்பை எல்லாம் செத்த நேரம் மூடச் சொல்லிவிட்டு, கடைசி வீட்டிலிருந்து கம்பியோடு கீழே இறங்கினேன். ஒவ்வொரு வீட்டுக் குழாயாக வைத்துக் கேட்டேன். தெரு மொத்தமும் சத்தமில்லாமல் என் பின்னால் வந்தது. அமைதி, அமைதி, அமைதி. ஒரு வீட்டில் மட்டும் சளசளவென்று கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீடு. அத்தை வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தே" என்றேன்.

கோலத்தை மிதித்தேன். காலுக்குக் கீழே டொங்கென்று தகரச் சத்தம். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண், அதன் மேல் சாணி மெழுகி, அதன் மேல் கோலம். தகரத்தைத் தூக்கினேன். கிராவல் முழுக்கத் தோண்டி எடுக்கப்பட்டு, மாமா பூசிய சிமெண்ட் சுவர் அப்படியே இருந்தது. பக்க வாயின் மூடி கழன்று கிடந்தது. தெருவுக்கு ஏற வேண்டிய தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகக் கொட்டி, திறந்துவிட்ட பழைய துளை வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்கிறபோது தகரத்தைத் தூக்கித் தண்ணீர் பிடிக்கவும் முடியாமல், உள்ளே இறங்கி மூடியைப் போடவும் முடியாமல் அத்தை நின்றிருந்திருக்கிறார்.

"என் வீட்டுக்காரரு தோண்டுன குழிடி இது. நீ நேத்து வந்தவ" என்றார்.

என் கணவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "செல்வி, மூடியப் போட்டு முறுக்கிட்டா முடிஞ்சு போச்சு. அம்மா இனி தொறக்காது" என்றார். அந்தோணியும் மெதுவாக, "ஆமா மேடம், மூடியப் போட்டா போதும்" என்றார். அவர்கள் சொன்னது சரிதான். மூடியைப் போட்டிருந்தால் தண்ணீர் ஏறியிருக்கும். அந்த ஒரு நாளைக்கு.

ஆனால் தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டுவேன், யார் என்று பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் நான். என் மாமியாருக்கு மூடி, மற்றவர்களுக்கு வெட்டு என்றால், அடுத்த வாரம் தெருவில் ஒவ்வொரு கோலத்துக்குக் கீழேயும் ஒரு தகரம் இருக்கும். நசீமா அவள் அம்மா வீட்டுக்கு வரவே முடியாது. எனக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் வரிசையாகத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். ஜமீலாக்காவின் இடுப்பிலிருந்த காலிக் குடம்தான் கண்ணில் நின்றது.

"அந்தோணி, மம்பட்டி" என்றேன். அவர் தயங்கினார். நானே வாங்கி மெயின் குழாய் வரை மண்ணைத் தோண்டினேன். எங்கள் வீட்டு இணைப்பை ஸ்பேனர் போட்டுக் கழற்றி, மெயினில் அடைப்பை முறுக்கினேன். சேலையெல்லாம் சேறு. அத்தை என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. என் கணவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே ஜமீலாக்கா வீட்டில் குழாய் இருமியது. காற்று, துருத் தண்ணீர், மறுபடி காற்று. பிறகு கட்டைவிரல் பருமனில் தண்ணீர் விழுந்தது. குடத்தில் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜமீலாக்கா, "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். யார் பார்த்தால் என்ன? கொஞ்ச நேரம் ஓட விட்டு, சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினேன். மெல்ல மஞ்சள் வந்தது.

பொறியாளர் ஐயாவின் ஜீப் அப்போது வந்தது. குப்பியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஜமீலாக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஐயா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றார். அடுத்த நாளே எனக்கு மெமோவும் அனுப்பினார்! முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நுகர்வோரின் இணைப்பைத் துண்டித்ததற்கு விளக்கம் கேட்டு. அவர் வாழ்க்கையில் எழுத்தில் கொடுத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். "முன்னறிவிப்பு தெரு முழுவதற்கும் வாயால் கொடுக்கப்பட்டது. நுகர்வோர் என் மாமியார்" என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைக்கூட என் தட்டில் வைக்க மாட்டார், நடுவில் வைத்துவிட்டுப் போவார். கணவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியானார். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்? ஜமீலாக்கா வீட்டிலிருந்துதான். நான் கொண்டுவருகிறேன் என்றால் அத்தை விட மாட்டார். அவரே குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுவார், நிறைந்த குடத்தோடு இறங்குவார். வழியில் யாராவது சிரித்தால், "என்னலே பல்லக் காட்டுற?" என்று ஒரு அதட்டல்.

நசீமா வந்தாள். அத்தை தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நிறைமாத வயிறு. இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று ஜமீலாக்கா என்னிடம் சொன்னார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஆண்குழந்தை, நல்ல எடை. செய்தியை வீட்டுக்கு முதலில் கொண்டுவந்தது அத்தைதான். என்னிடம் சொல்லவில்லை, சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் நான் ஆபீஸில் இருந்தபோது என் மேஜைக்கு முன்னால் நிழல் விழுந்தது. அத்தை. நல்ல சேலை கட்டி, தலை வாரி, கையில் விண்ணப்பத்தோடு நின்றார். அபராதம் கட்டிய ரசீதும் கூடவே.

"மேடம், எனக்குத் தண்ணி கனெக்‌ஷன் வேணும்" என்றார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"உக்காருங்க அத்தே."

"நான் மேடத்தப் பாக்க வந்தேன். மருமகள இல்ல." உட்காரவில்லை. "குழாய ஒசரத்துலயே வச்சுக் குடுங்க. குழிய நானே நெரப்பிட்டேன். மேல வீட்டுல அந்தப் பச்சப்புள்ளைக்குத் தண்ணி கொறையக் கூடாதுல்ல."

கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர், வாசல் வரை போய் நின்றார்.

"ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்கிறாதடி" என்றார்.

கடைசி வரை அவர் என்னை மன்னிக்கவில்லை. நல்ல நாளில், வீட்டில் நாலு பேர் கூடும்போது, "எம் மருமக எங்குழாய வெட்டுனவ" என்று சொல்லிக் காட்டுவார். நானும் ஒரு நாள்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. படுக்கையில் விழுந்தபோது அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான். வாசல் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் கேட்பார், கேன் தண்ணீரைத் துப்பிவிடுவார்.

பொறியாளர் தம்பி, மீட்டர் வைக்க மேட்டுத் தெருவுக்கு வருவீர்கள் அல்லவா? தாராளமாக அன்பாகப் பேசுங்கள், நானும் பேசிப் பார்த்தவள்தான். கடைசி வீட்டில் நசீமாவின் மகன் இருப்பான், ஆறடி உயரம். அவனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்னை ரவுடி என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள்.